அக்காவுக்காக வாங்கிய ராணுவ லாரி

மாமா என்னைக் கூப்பிடும்போது வேலை எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும். "மச்சான், ஞாயித்துக்கெழம பூசை முடிச்சிகினு அப்டியே வூட்டாண்ட வா. ஒரு மணி நேரம். ரெண்டு நட்டு டைட் பண்ணணும், அவ்ளோதான்" என்பார். நான் பொழிச்சலூரிலிருந்து ஸ்கூட்டரில் முடிச்சூருக்குப் போவேன். திரும்பும்போது இருட்டியிருக்கும். சட்டையெல்லாம் கிரீஸ், தலையில் துரு, முழங்கையில் புதிதாக ஒரு கீறல். என் துணிக்கென்று மனைவி தனியாக ஒரு வாளி ஒதுக்கிவிட்டாள். வீட்டில் வேறு யாரும் அந்த வாளியைத் தொடுவதில்லை.

வாரம் முழுக்க நாவலூரில் ஏ.சி. அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவன் நான். போக வர மேடவாக்கம் சிக்னலிலேயே பாதி ஆயுள் போய்விடுகிறது. மிச்சமிருந்த ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒரு லாரியின் வயிற்றுக்கு அடியில் மல்லாந்து படுத்தே கழிப்பேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மாமா என் அக்காவின் கணவர். முடிச்சூர்க்காரர். இள வயதில் பட்டாளத்தில் டிரைவராகச் சேர்ந்து, பனியிலும் மணலிலும் லாரி ஓட்டி, ஓய்வு பெற்றதும் அவருடைய அப்பா விட்டுப்போன மனையில் ஒரு தரைத்தள வீட்டைக் கட்டிக்கொண்டு வந்தவர். அந்த மனையில் ஒரு காலத்தில் நெல் விளைந்தது. சுற்றிலும் வீடுகள் வந்த பிறகும் தண்ணீருக்கு அந்தப் பழைய வழி மறக்கவில்லை. ஒவ்வொரு கார்த்திகையிலும் அடையாற்று வெள்ளம் தெருமுனை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். சில வருடம் உள்ளேயும் வரும்.

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து சில வருடங்கள் ஆகின்றன. வாரத்துக்கு மூன்று முறை குரோம்பேட்டையில் டயாலிசிஸ். தெருமுனை ஆட்டோக்காரர் ஒருவர் வாடிக்கையாக வந்து கூட்டிப்போவார். மழை பெரிதாகப் பெய்த அந்த வருடம் ஆட்டோ வரவில்லை. எதுவுமே வரவில்லை. வீட்டுக்குள் முட்டியளவு தண்ணீர். ஒரு முறை தவறி, அடுத்த முறையும் தவறியது. அக்காவின் முகம் உப்பி, கால் உப்பி, படுத்தால் மூச்சு திணறுகிறதென்று கட்டிலின் மேல் நாற்காலியைப் போட்டு அதில் உட்கார்ந்தே தூங்கினாள். கடைசியில் மீனவர்களின் போட் ஒன்று வந்தது. மாமா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் நடந்து அதில் ஏற்றினார். மறுகரையில் ஆம்புலன்ஸ் அருகே நான் காத்திருந்தேன். அக்கா பிழைத்துக்கொண்டாள். அவர் மட்டும் அதற்குப் பிறகு பல நாள் யாரிடமும் பேசவில்லை.

நான் சொன்னேன்: "மாமா, குரோம்பேட்டைலயே ஒரு மாடி வீடு வாடகைக்குப் பார்க்கலாம். நடந்தே டயாலிசிஸ் போயிடலாம்." அடுத்த மாதம் ஒரு காலை நேரத்தில் மாமா தெருவே அதிர ஒரு பச்சை லாரியை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

ராணுவ ஏலத்தில் யாரோ எடுத்து, அவர்களிடமிருந்து யாரோ வாங்கி, கடைசியில் இவரிடம் வந்து சேர்ந்த வண்டி அது. என்னைவிட மூத்தது. என் இடுப்பளவு உயரத்துக்குச் சக்கரம். நான்கு சக்கரத்துக்கும் இழுவை உண்டு. கேபினுக்குக் கேன்வாஸ் கூரை. பச்சைப் பெயின்டைப் பிரஷ்ஷாலேயே கோட் மேல் கோட்டாக அடித்திருந்தார்கள். பட்டாளத்தில் இதே மாதிரி வண்டியைத்தான் ஓட்டியதாக மாமா சொன்னார். "இடுப்பளவு தண்ணில கூட இது சும்மா போவும் மச்சான். இனிமே உங்க அக்காவ எந்தத் தண்ணியும் ஒண்ணும் பண்ண முடியாது."

அக்கா வாசல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு வண்டியை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "இதுல நான் எப்படி ஏறுறது?" என்றாள்.

மாமா உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்தார்.

அதன் மேல் நிற்கவைத்து, என் தோளில் கையூன்றச் செய்து, ஒரு வழியாக அவளை ஏற்றி, முதல் வெள்ளோட்டமாகத் தாம்பரம் பக்கம் போனோம். மெதுவாகப் போகும்வரை பரவாயில்லை. கொஞ்சம் வேகமெடுத்ததும் காலடியிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பியது. பிறகு அது தடதடவென்று சீட்டுக்கு ஏறி, கதவுக்கு ஏறி, கண்ணாடிக்கு ஏறியது. ரோடு இரண்டு இரண்டாகத் தெரிந்தது. ஊசி குத்திக் குத்தி முண்டு முண்டாகப் புடைத்திருந்த இடது கையை அக்கா வலது கையால் அணைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்தக் கைக்குள் டயாலிசிஸுக்காக வைத்த ரத்தக்குழாய் இணைப்புதான் அவள் உயிர். வீட்டில் இறங்கியதும் சொன்னாள்: "தண்ணியில போனாலும் நிம்மதியாப் போவேன். இதுல வேணாம்."

மாமாவின் முகம் சுருங்கியது. அன்று ஆரம்பித்தன எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள்.

தாம்பரத்திலிருந்து ஒரு ஒர்க்‌ஷாப்காரர் வந்து பார்த்தார். குனிந்து வண்டிக்கு அடியில் டார்ச் அடித்தார். நடுவில் எஞ்சின் பக்கமிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு நீளமான இரும்புக் குழாய் போகிறது. அது சுற்றினால்தான் பின்சக்கரம் சுற்றும். ஷாஃப்ட் என்பார்கள். வண்டி குண்டு குழியில் ஏறி இறங்கும்போது குழாய் வளைந்து கொடுக்க வேண்டுமே, அதற்காக இரண்டு முனையிலும் ஒரு மூட்டு. கூட்டல் குறி போல ஓர் இரும்புத் துண்டு, அதன் நான்கு நுனியிலும் தொப்பி மாதிரி ஒரு கப். அதைக் கிராஸ் என்கிறார்கள். அவர் குழாயைக் கையால் பிடித்து அசைத்தார். 'டொக் டொக்' என்றது. "ரெண்டு கிராஸும் போச்சு சார். இந்த சைசு இப்ப யாரும் வெச்சிகினு இல்ல. நான் இதுல கைய வெச்சேன்னா மத்த வண்டியெல்லாம் நின்னுடும். எடைக்குப் போட்டுடுங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

"எடைக்குப் போடணுமாம்" என்றார் மாமா. "மச்சான், நாமளே பண்ணிடலாம்."

"மாமா, நீங்க பட்டாளத்துல இதெல்லாம் பண்ணியிருக்கீங்களா?"

"நான் டிரைவர்யா. ரிப்பேர்னா ஒர்க்‌ஷாப்ல உட்டுட்டு டீ குடிக்கப் போய்டுவோம்."

அதாவது எங்கள் இருவருக்குமே ஒன்றும் தெரியாது. அவருக்குத் தைரியம் இருந்தது. எனக்கு மறுக்கத் தெரியவில்லை.

முதல் ஞாயிறு முழுக்க ஷாஃப்டைக் கழற்றுவதிலேயே போனது. போல்ட்டுகளை அடக்கம் செய்து வைத்தது போல் துரு மூடியிருந்தது. எண்ணெய் ஊற்றிக் காத்திருந்து, ஸ்பேனரின் மேல் பைப்பை மாட்டி எம்பி, கடைசி போல்ட் 'டப்'பென்று விட்டபோது என் கை விரல் பின்சக்கரத்தில் போய் மோதியது. ஷாஃப்ட் நேராக என் நெஞ்சில் இறங்கியது. நல்லவேளை, வேகமாக விழவில்லை. கிராஸின் கப்பைச் சுத்தியலால் தட்டித் தட்டி வெளியே எடுத்தபோது உள்ளே ஊசி ஊசியாய் அடுக்கியிருக்க வேண்டிய சின்ன உருளைகள் இல்லை. சிவப்புப் பொடிதான் கொட்டியது. மாமா அதை உள்ளங்கையில் வைத்து அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினார், ஏதோ வைரஸைக் கண்டுபிடித்துவிட்டவர் போல.

"இதுதான் உன்ன அவ்ளோ குலுக்கிச்சு" என்றார்.

அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "கைய கழுவிட்டு சாப்பிட வாங்க" என்றாள்.

புதுக் கிராஸுக்காக நான் லீவு போட்டுப் புதுப்பேட்டையில் அலைந்தேன். பழைய உதிரிபாகங்கள் மலை மலையாகக் குவிந்த சந்து. ஒரு கடைக்காரர் என் கையிலிருந்த பழைய கிராஸை வாங்கி எடை பார்ப்பவர் போலக் குலுக்கினார். உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தார். "இதான் சார் அது. கண்ண மூடிகினு மாட்டு" என்றார். நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து மாட்டினால் கப், ஷாஃப்டின் ஓட்டைக்குள் லொடலொடவென்று ஆடியது. மாற்றி வாங்கி வந்தேன். இந்த முறை கப் பொருந்தியது, கிராஸ் குட்டை. கப் வெளியே கழன்று வராமல் இருக்கப் போடுகிற வளைய லாக்குக்கும் கப்புக்கும் நடுவில் ஒரு நகம் நுழையும் அளவு இடைவெளி.

"அவ்ளோதானே கீது? உள்ள ஒரு தகடு வெச்சி அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார் மாமா.

"அட்ஜஸ்ட் பண்ணா திரும்பவும் குலுங்கும் மாமா."

"நீ இன்னா, எல்லாத்துக்கும் ஆவாதுன்றே?"

"ஆகாதுன்னா ஆகாது! நான் என்ன பண்ணட்டும்?"

இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றோம். தின்பண்டம் மறுக்கப்பட்ட பிள்ளைகள் போல. கதவருகே உட்கார்ந்திருந்த அக்கா கையிலிருந்த சின்ன டம்ளரைக் காட்டினாள். ஒரு நாளைக்கு அவள் குடிக்கலாம் என்று டாக்டர் அளந்து கொடுத்த தண்ணீரில் அது ஒரு பங்கு. "எனக்குத் தண்ணி அளந்து குடுக்கறீங்க. இந்த லாரிக்கு மட்டும் கிரீஸ் அளவே இல்லாம போகுது" என்றாள். நாங்கள் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

பிறகு குரோம்பேட்டையில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் வேலை பார்க்கும் நண்பனிடம் வெர்னியர் அளவுகோலைக் கடன் வாங்கி, கப்பின் விட்டத்தையும் கிராஸின் நீளத்தையும் அளந்துகொண்டு மறுபடி போனேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியதுதான். சரியான அளவில் இரண்டு கிடைத்தன. வந்த வேகத்தில் மாட்டிவிடலாம் என்றால் மாமாவுக்குக் காய்ச்சல். அடுத்த ஞாயிறு எனக்கு ஆபீஸில் ஏதோ ரிலீஸ். அதற்கடுத்த வாரம் வானம் கறுத்துவிட்டது.

மழை வெள்ளிக்கிழமை ஆரம்பித்தது. சனிக்கிழமை மாலையே நான் முடிச்சூருக்குப் போய்விட்டேன். சென்டரில் கரண்ட் இல்லாததால் அக்காவின் சனிக்கிழமை டயாலிசிஸ் மறுநாள் மதியத்துக்குத் தள்ளிப்போயிருந்தது. காலையில் எழுந்து பார்த்தபோது தெரு காணாமல் போயிருந்தது. காம்பவுண்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர், வெளியே முட்டிக்கு மேல். ஆட்டோக்காரர் போனிலேயே கையை விரித்தார். ஆம்புலன்ஸ் மெயின் ரோடு வரைதான் வரும், அங்கே நீங்கள் கொண்டுவந்து விடுங்கள் என்றார்கள். லாரி தண்ணீரில் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. அதன் ஷாஃப்ட் மட்டும் வீட்டு வராண்டாவில் இரண்டு துண்டாகக் கிடந்தது.

அன்று காலை நானும் மாமாவும் வேலை செய்ததைப் போல் என் வாழ்க்கையில் எந்த வேலையையும் நான் வெறுத்துச் செய்ததில்லை. துணி துவைக்கும் கல்லின் மேல் ஷாஃப்டை வைத்து, முதல் கிராஸை மாட்டினோம். கப்பை மரக்கட்டை வைத்துத் தட்டினால் நேராக இறங்காது, சாய்ந்து சிக்கிக்கொள்ளும். வெளியே எடுத்து மறுபடி தட்ட வேண்டும். ஒன்று இறங்கிவிட்டது. எதிர்ப்பக்கம் இறங்கவே மாட்டேனென்றது. லாக் போடும் பள்ளத்துக்கு இம்மியளவு முன்னால் நின்றுவிட்டது. மாமா சுத்தியலை ஓங்கினார்.

"இருங்க மாமா. உள்ள ஏதோ தடுக்குது."

"தடுக்கல. டைட்டா கீது. ஒரே அடி."

"வேணாம். கழட்டிப் பாக்கலாம்."

"எப்ப கழட்டறது, எப்ப மாட்றது? மணி இன்னா ஆவுது பாரு!"

அடித்தார். 'டிங்' என்று சுத்தமான ஒரு சத்தம். கப்பின் விளிம்பிலிருந்து அடிவரை ஒரு கோடு விழுந்துவிட்டது. கழற்றிப் பார்த்தபோது உள்ளே நிற்க வேண்டிய ஊசி உருளைகளில் ஒன்று படுத்துக் கிடந்தது. கல்யாண வீட்டில் நடு வழியில் படுத்துக்கொள்ளும் சொந்தக்காரன் போல. அதன் மேல்தான் இத்தனை அடியும் விழுந்திருக்கிறது. இரண்டாவது கிராஸ் கைவசம் இருந்ததே தவிர, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஷாஃப்டை மாட்ட முடியாது. இரண்டு முனைக்கும் வேண்டும். கடைகள் எல்லாம் தண்ணீருக்கு அந்தப்புறம்.

உடைந்த கப்பைத் தூக்கிக் காம்பவுண்டுத் தண்ணீரில் எறிந்தேன். "நான் அப்பவே சொன்னேன்! வேற வீடு பாருங்கன்னு சொன்னேன்! யாருக்குமே வேணாத ஒரு இரும்ப வாங்கி வெச்சு, என் எல்லா சண்டேவையும் தின்னு, இன்னைக்கு அக்காவ எதுல தூக்கிட்டுப் போறது? திரும்பவும் தோள்லயா?"

கதவருகே அக்கா நின்றிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். அவள் காலில் ஏற்கெனவே வீக்கம் தெரிந்தது. "கத்தாத" என்றாள். "அவருக்குப் பிரஷர் இருக்கு."

மாமா சுத்தியலைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஏதோ கெட்ட செய்தியைச் சொல்பவர் போல, "முன்னாடி இழுக்கும்" என்றார்.

"என்னது?"

"பின் ஷாஃப்ட்டு இல்லன்னாலும் முன் சக்கரத்துக்குத் தனியா ஒரு ஷாஃப்ட்டு போவுது இல்ல? அந்த லிவர போட்டா முன் சக்கரம் மட்டும் இழுத்துகினு போவும். பட்டாளத்துல ஒரு தபா பின் ஷாஃப்ட்டு அறுந்துடிச்சி. கழட்டி பின்னால போட்டுகினு அப்டித்தான் ஊர் வந்து சேந்தோம்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. ஷாஃப்ட் ஏற்கெனவே கழன்றுதான் கிடக்கிறது. அப்படியென்றால் வண்டி இப்போதே ஓடும். காலையிலிருந்தே ஓடும். பின் ஷாஃப்டைக் கழற்றிய முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே ஓடும்.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா இவ்ளோ நேரம் இதோட மாரடிச்சோம்?"

மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. "அது அவசரத்துக்குப் போற மாரி போறது மச்சான். ஸ்டியரிங்கு இழுக்கும், திக்கித் திணறி ஊந்துகினு போவும். நான் இந்த வண்டிய அதுக்கா வாங்கினேன்? போன தபா அவள மூட்ட மாரி தூக்கிகினு போனேன். இந்த தபாவாச்சும் சீட்ல உக்காந்து, ஒரு குலுக்கல் இல்லாம, மனுஷி மாரி போவணும்னு பாத்தேன்."

எனக்குக் கோபம் போகவில்லை. "ஸ்டார்ட் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னேன்.

எஞ்சின் இருமி இருமிக் கிளம்பியது. முன்சக்கர லிவர் துருப்பிடித்து நகர மறுத்தது. நான் கேபினுக்குள் ஏறி சீட்டில் முதுகை முட்டுக்கொடுத்துக் காலால் உதைத்தேன். 'கடக்' என்று விழுந்தது. ஏறுவதற்குத்தான் பெரிய பாடு. சாப்பாட்டு மேஜையைத் தண்ணீரில் இறக்கி, அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு, நாற்காலியிலிருந்து மேஜைக்கு, மேஜையிலிருந்து கேபினுக்கு. இடது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. அதனால் மாமா மேலிருந்து இடுப்பைப் பிடிக்க, நான் கீழிருந்து பாதத்தை ஏந்தினேன். அக்காவின் பாதத்தில் என் விரல் அழுந்திய இடம் பள்ளமாகவே நின்றது. தலையணை இரண்டை அவளுக்கு இருபுறமும் செருகி, நான் கதவோரம் ஒட்டிக்கொண்டேன்.

வண்டி நகர்ந்தது. முன்சக்கரங்கள் எதையோ கெஞ்சுவது போல இழுத்துக்கொண்டு போயின. மாமா ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டினார். அவர் ஒடித்த பக்கம் அது திரும்பாது, திரும்பினால் நேராகாது. தெரு எங்கே, கால்வாய் எங்கே என்று தெரியவில்லை. மின்கம்பங்களையும் காம்பவுண்டுச் சுவர்களையும் வைத்துக் குத்துமதிப்பாகப் போனார். மூன்றாவது வீட்டில் ஒருவர் மொட்டைமாடியிலிருந்து கையசைத்தார். கைக்குழந்தையோடு அவர் மகள் உள்ளே இருந்தாள். நிறுத்தி அவர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டோம். அதற்குள் இன்னும் சிலர் வந்துவிட்டார்கள். ஒரு வயதானவர் நாய்க்குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஏறினார். அக்காவின் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒவ்வொருவரும் ஏறும்போதும் வயிறு எரிந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. அக்காதான், "அவங்களும் ஏறட்டும்டா, நான் இன்னும் சாகல" என்றாள்.

வளைவு ஒன்றில் முன்சக்கரம் சேற்றில் வழுக்கிச் சும்மா சுற்றியது. நான்கு சக்கர இழுவை இருந்திருந்தால் பின்னாலிருந்து தள்ளியிருக்கும். மாமா ஸ்டியரிங்கைக் குத்தினார். "தள்ளு மச்சான்" என்றார். நானும் பின்னால் இருந்த ஆண்களும் இறங்கி, தொடையளவு அழுக்குத் தண்ணீரில் நின்று தள்ளினோம். என் போன் சட்டைப்பையிலேயே அடித்துக்கொண்டிருந்தது. ஆபீஸ். 'உங்க பக்கம் மழையா?' என்று மேலதிகாரி கேட்டிருந்ததைப் பிறகு பார்த்தேன்.

மெயின் ரோட்டைத் தொட்டதும் தண்ணீர் குறைந்தது. பின்னால் இருந்தவர்கள் தாம்பரத்தில் இறங்கிக்கொண்டார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் எல்லா பஸ்ஸும் எங்களைத் தாண்டிப் போக, நாங்கள் ஊர்ந்துகொண்டே குரோம்பேட்டை போய்ச் சேர்ந்தோம். நேரம் கடந்திருந்தது. ஆனால் அன்று பாதிப் பேர் வரவே இல்லை, மெஷின் காலியாக இருந்தது. நர்ஸ் ஜன்னல் வழியாகப் பச்சை லாரியைப் பார்த்துவிட்டு, "மிலிட்டரியே கொண்டாந்து விட்டாங்களா?" என்று கேட்டார். அக்கா அதற்கு மட்டும் லேசாகச் சிரித்தாள். மெஷின் ஓட ஆரம்பித்து, அவள் மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. மாமா வெளியே வராண்டாவில் உட்கார்ந்து தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டியரிங் பிடித்ததில் தோல் உரிந்திருந்தது. ஒரு டீயை வாங்கி அவர் பக்கத்தில் வைத்தேன்.

அந்த வாரம் அவர்கள் இருவரும் என் வீட்டில்தான் இருந்தார்கள். தண்ணீர் வடிந்ததும் நான் நினைத்தேன், இனி வண்டியை விட்டுவிடுவார் என்று. வீட்டுக்குள் சேறு கழுவி முடிப்பதற்கு முன்பே போன் வந்தது. "மச்சான், ஒரு கிராஸ் வாங்கிகினு வந்துடு. இந்த தபா பொறுமையா பண்ணுவோம்."

பொறுமையாகத்தான் செய்தோம். ஊசி உருளைகள் விழாமல் இருக்க ஒவ்வொன்றையும் கிரீஸில் ஒட்டி வைத்து, சுத்தியலைத் தொடாமல், கடன் வாங்கிய ஒரு பெரிய இரும்புப் பிடியில், வைஸ் என்பார்கள், அதில் வைத்து மெல்ல மெல்ல அழுத்தி இறக்கினோம். எட்டு கப்பும் லாக்கும் அவ்வளவு அழகாக உட்கார்ந்தன. ஷாஃப்டை மாட்டி, வண்டியை வெளிவட்டச் சாலைக்கு எடுத்துப்போய் வேகமெடுத்தால், மறுபடியும் நடுக்கம். முன்னைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். மாமா ஓரமாக நிறுத்தி ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். எனக்கு அங்கேயே இறங்கி பஸ் பிடித்துப் போய்விடலாமென்று இருந்தது.

போகவில்லை. இன்னும் இரண்டு ஞாயிறு. சக்கரத்தைப் பார்த்தோம், ஸ்பிரிங்கைப் பார்த்தோம், எதுவும் இல்லை. ஒருநாள் எரிச்சலில் ஷாஃப்டின் மேலிருந்த பச்சைப் பெயின்டை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்புக்குறி தெரிந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அந்தக் குழாய் இரண்டு பாகம். ஒன்றுக்குள் ஒன்று பல் பல்லாகச் செருகிக்கொள்ளும். இரண்டு அம்பும் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான் இரு முனையிலும் உள்ள மூட்டுகள் ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்துச் சுற்றும். வராண்டாவில் அதைப் பிரித்துப் போட்ட நாங்கள் திரும்பச் செருகும்போது ஒரு பல் தள்ளிச் செருகியிருக்கிறோம். எத்தனை நாள்! வெளியே இழுத்து, ஒரு பல் திருப்பி, மறுபடி செருகினேன். வேலை அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

வண்டி வழுக்கிக்கொண்டு போனது. டேஷ்போர்டில் வைத்த டீ கிளாஸ்கூட நகரவில்லை. மாமா அன்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

அடுத்த டயாலிசிஸ் நாளில், சொட்டு மழையில்லாத வெயிலில், அக்காவை அந்த வண்டியில்தான் கூட்டிப்போக வேண்டும் என்றார். நான் லீவு போட்டேன். ஏறுவதற்குப் படிக்கட்டு ஒன்றையும் செய்து அவர் வெல்டிங் வைத்திருந்தார். போகும்போது அக்கா நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "குலுங்கவே இல்லயே!" என்று இரண்டு முறை சொன்னாள். மாமா ரோட்டையே பார்த்துக்கொண்டு மீசைக்குள் சிரித்தார்.

டயாலிசிஸ் முடிந்து வெளியே வரும்போது அவளுக்கு எப்போதும் தலை சுற்றும், கால் துவளும். என் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். மாமா லாரியை வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து, படிக்கட்டைத் துண்டால் துடைத்துவிட்டு நின்றார். அக்கா அந்த உயரத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கோச்சுக்காதீங்க" என்றாள் அவரிடம். "என்னால முடியல. ஒரு ஆட்டோ கூப்பிடச் சொல்லுங்க."

எனக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ரோட்டுக்கு இறங்கிக் கையைக் காட்டி, அவரே ஒரு ஆட்டோவை நிறுத்தினார். அக்காவை ஏற்றி உட்காரவைத்து, "ஸ்பீடு பிரேக்கர்ல ஸ்லோவா போப்பா" என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிவிட்டு லாரியை எடுக்கப் போனார்.

நானும் அக்காவும் ஆட்டோவில் போனோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் மாலை நெரிசல் ஆரம்பித்திருந்தது. ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கித் தூக்கிப் போட்டது. அக்கா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கச் சின்ன ஜன்னல் வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"வர்றாரா?" என்றாள்.

"வர்றார்" என்றேன்.

பஸ்களுக்கு நடுவே, காலி லாரியை ஓட்டிக்கொண்டு, அவர் வந்துகொண்டிருந்தார்.